பாக்கெட் கேமரா வாங்கலாமா, போனே போதுமா: இருபதாயிரத்துக்குள்ள ஒரு மதுரை வீட்டுக் கணக்கு

வெயில் நல்லா அடிக்கிற நேரத்துல, பத்தடி பதினஞ்சடிக்குள்ள நிக்கிற ஆளையோ வாசல் கோலத்தையோ எடுக்கணும்னா கையில இருக்குற போனே போதும், அதுக்குன்னு தனியா ஒரு டிஜிட்டல் கேமரா வாங்குறது தண்டச் செலவு. இத மொதல்லயே சொல்லிர்றேன், பாதிப் பேரு இதோட கெளம்பிரலாம். தூரத்துல இருக்குறத எடுக்கணும்னு நெனைக்கிறவங்க, இருட்டுல ஃப்ளாஷ் போட்டு எடுக்குறவங்க, போனைக் கையில எடுத்தாலே வாட்ஸ்அப்புக்குள்ள போயிர்றோமேன்னு அலுத்துப் போனவங்க, இவங்களுக்குத்தான் மிச்சம்.

எங்க அக்கா வீட்டுல இப்ப இதான் பஞ்சாயத்து. அத்தான் ரிட்டயர் ஆனதுல இருந்து பறவைக் கிறுக்கு புடிச்சு ஞாயித்துக்கிழமை ஆனா டூவீலர எடுத்துக்கிட்டு அரிட்டாபட்டிக்குக் கெளம்பிர்றாரு. மருமக, அதான் அக்கா மக, காலேஜ் படிக்கிறா, அவ செட்டுல எல்லாரும் பழைய டிஜிகேம் ஒண்ணு கையில வச்சிருக்காய்ங்களாம், "மாமா, போன்ல எடுத்தா எல்லாரும் மூஞ்சில மாவு பூசுன மாதிரியே இருக்கோம்"ங்கிறா. அக்கா ஒரே பேச்சு, ரெண்டு பேருக்கும் சேத்து இருபதாயிரம், அதுக்கு மேல ஒத்த ரூவா கெடையாதுன்னு. அத்தான் என்னடான்னா "நீயே பாத்துச் சொல்லு மாப்ள, நீதான் இதுலயே கெடக்குற ஆளு"ன்னு என் தலையில கட்டிட்டாரு. சரின்னு உக்காந்து பாத்ததுல எனக்குத் தெரிஞ்சத இங்க எழுதி வைக்கிறேன், வேற யாருக்காச்சும் உதவும்.

மொதல்ல ஒண்ணு. டவுன் ஹால் ரோட்டுல போயி "அண்ணே, ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா குடுங்க"ன்னு கேட்டா முன்ன மாதிரி பத்து மாடல எடுத்து வரிசையா அடுக்க மாட்டாய்ங்க. 2010ல உலகம் பூரா ஏற்றுமதி ஆன டிஜிட்டல் கேமரா 12 கோடியத் தொட்டுச்சு, அதுல பெரும்பங்கு இந்த பாக்கெட் கேமராதான். அதுக்கப்புறம் போன் வந்து எல்லாத்தையும் தூக்கிச் சாப்பிட்டுருச்சு. கோடாக் 2012ல கேமரா செய்றதையே விட்டாய்ங்க (இப்ப அந்தப் பேர்ல வர்றது பேரை வாடகைக்கு வாங்குன வேற கம்பெனி செய்றது), ஒலிம்பஸ் கேமரா பிரிவு 2021ல கைமாறிருச்சு. அதனால நம்ம பட்ஜெட்டுல பேசுறது பெரும்பாலும் செகண்ட் ஹாண்ட் சாமான்தான்.

இப்ப போனோட கணக்க நேர்மையா பாப்போம். பழைய பாக்கெட் கேமராவுல இருக்குற சென்சார் (வெளிச்சத்தப் படமா மாத்துற சில்லு) சைஸ் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டு விரல் நகத்த விடச் சின்னது. இன்னைக்கு நடுத்தர விலைப் போன்லயே மெயின் கேமராவோட சென்சார் அத விடப் பெருசா வருது, லென்ஸும் எஃப்1.8 கிட்ட இருக்கு (இந்த எஃப் நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் கூட உள்ள போகும்), போதாக்குறைக்கு ஒரு படம் எடுக்குறதா சொல்லிட்டு அது ஏழெட்டுப் படத்த எடுத்து ஒண்ணா சேத்துக் குடுக்குது. ஃப்ளாஷ் இல்லாம, ஜூம் இல்லாம சாயங்காலம் தெப்பக்குளம் மைய மண்டபத்த எடுத்தா போன் படம்தான் நல்லா வரும், பழைய கேமரா படம் புள்ளி புள்ளியா இருக்கும். அதுல சந்தேகமே வேணாம்.

ஆனா போன்கிட்ட ரெண்டு விஷயம் கெடையாது. ஒண்ணு ஜூம். விலை கூடுன போன்ல மூணு மடங்கு அஞ்சு மடங்கு இருக்கும், அதுக்கு மேல போறது பெரும்பாலும் படத்த வெட்டிப் பெருசாக்குறதுதான். ரெண்டாவது ஃப்ளாஷ். போன்ல இருக்குறது எல்இடி, டார்ச் லைட்டுதான் அது. கேமராவுல இருக்குறது செனான் ட்யூப், ஒரு செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்குக்கும் கம்மியான நேரத்துல மொத்த வெளிச்சத்தையும் கொட்டிரும், அதனால ஆடிக்கிட்டு இருக்குற ஆள் அப்படியே உறைஞ்சு நிப்பாரு, பின்னாடி இருட்டு இருட்டாவே இருக்கும். மருமக கேக்குற அந்த லுக்குல முக்கால்வாசி இந்த ஃப்ளாஷ்தான். மிச்சம், போன்காரய்ங்க கேக்காமலே போடுற வழவழப்பும் வெளுப்பும் இதுல இல்லாதது. கருத்த புள்ளய கருத்த புள்ளயாவே காட்டுது, அத நான் பெரிய விஷயமா நெனைக்கிறேன், எத்தன மெகாபிக்ஸல்ங்கிறத விட.

சிசிடிங்கிற பழைய வகை சென்சாருக்குன்னு ஒரு மாயம் இருக்குன்னு இப்ப ஒரு பேச்சு ஓடுது, அதுக்குன்னே பழைய கேனான் ஐக்ஸஸ், சோனி சைபர்ஷாட், நிக்கான் கூல்பிக்ஸ் எல்லாம் விலை ஏறிக் கெடக்கு. என்னக் கேட்டா அந்தக் கலர்ல பாதிக்கு மேல அந்தந்தக் கம்பெனி ஜேபெக்குக்குப் போட்ட கலர் செட்டிங்குதான், சிசிடியும் இப்ப வர்ற சிமோஸ் சென்சாரும் ஒரே ஃப்ளாஷ்ல எடுத்தா கண்டுபுடிக்கிறது கஷ்டம். சிசிடிக்குன்னே இருக்குற ஒரு தொல்லை வேற இருக்கு. திருவிழாவுல கரகாட்டம் எடுக்குறோம்னு வைங்க, மேடை ஃபோகஸ் லைட்டு ஃப்ரேமுக்குள்ள வந்தா ஸ்கிரீன்ல மேல இருந்து கீழ வரைக்கும் ஊதாக் கோடு ஒண்ணு விழும், வீடியோவுலயும் அது அப்படியே பதிஞ்சிரும். வீடியோவும் பெரும்பாலும் 640க்கு 480 தான், நல்ல மாடலா இருந்தா 720. அந்தப் பழைய வீடியோவே புடிச்சிருக்குங்கிறவங்களுக்குச் சரி, காதுகுத்த முழுசா வீடியோ எடுக்கப்போறேன்னா வேணாம்.

ஆனா விலை. சில ஆயிரத்துல முடிஞ்சிரும், கீழ விழுந்தாலும் வயிறு எரியாது, ஃப்ரெண்ட் கையில தைரியமாக் குடுக்கலாம். பத்து மெகாபிக்ஸல்னு கூச்சப்பட வேணாம், 4க்கு 6 பிரிண்ட்டுக்கு ரெண்டு மெகாபிக்ஸலே தாராளம். கல்யாண ஆல்பத்துல ஒரு பக்கம் 12க்கு 18ன்னு போடுறாய்ங்களே, அதுக்குத்தான் இருபது கிட்ட வேணும். ஸ்டேட்டஸ் போடுறதுக்குன்னா எப்படியும் வாட்ஸ்அப் அமுக்கிக் கசக்கிருது, அதுக்கு எத வாங்குனா என்ன.

பழசு வாங்குறவங்க கார்டையும் பேட்டரியையும் மட்டும் பாத்துக்கங்க. 2006க்கு முந்துன கேமரா பெரும்பாலும் 2 ஜிபிக்கு மேல உள்ள கார்ட எடுக்காது. பழைய சோனில மெமரி ஸ்டிக், 2010 வாக்குல இருந்துதான் எஸ்டி கார்டும் சேத்து எடுக்க ஆரம்பிச்சுச்சு. பழைய ஒலிம்பஸ், ஃபூஜில எக்ஸ்டி கார்டு, அது இப்ப செய்றதே இல்ல, கேமரா சும்மா குடுத்தாலும் யோசிங்க. கேனான் ஏ சீரிஸ்ல பல மாடல் சாதா பென்சில் செல்லுல ஓடும், கேக்க நல்லாருக்கும், ஆனா பெட்டிக்கடை செல்லு போட்டா ரெண்டு ஃப்ளாஷ் அடிச்சதும் படுத்துரும், சார்ஜ் போடுற நிக்கல் செல்லு நாலு வாங்கி வச்சுக்கிறதுதான் வழி.

அடுத்து ஜூம் பார்ட்டி, அதாவது அத்தான். அரிட்டாபட்டி தெரியும்ல, 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊரு, அங்க பாறையில லகர் வல்லூறு உக்காரும். ஒன்றரை அடி உயரம் இருக்கும் அந்தப் பறவை. இப்ப கணக்கு பாருங்க: அது நூறு மீட்டர் தள்ளி உக்காந்திருக்கு, சோனி ஆர்எக்ஸ்100ன்னு ஒரு பாக்கெட் கேமரா, பின்னாடி வெவரமா சொல்றேன், அதோட முதல் மாடல்ல முழு ஜூமும் போட்டா 100 மி.மீ. (இந்த மி.மீ. நம்பர் கூடக் கூட தூரத்துல இருக்குறது கிட்ட வரும், கொறையக் கொறைய காட்சி அகலமா விழும்), அதுல விழுற காட்சியோட அகலம் 36 மீட்டர், பறவை எங்கன்னு தேடணும். 30 மடங்கு ஜூம் உள்ள பாக்கெட் கேமராவுல 720 மி.மீ., காட்சி அகலம் 5 மீட்டர், பறவைய அடையாளம் சொல்லிரலாம். நிக்கான் பி900, பி950ல 2000 மி.மீ., அகலம் 1.8 மீட்டர், மூக்கு வளைவு வரைக்கும் தெரியும்.

அப்ப பி950ய வாங்கிர வேண்டியதுதானேன்னு அத்தானும் கேட்டாரு. அது ஒரு கிலோ. பாக்கெட்ல போகாது, தோள்ல தொங்கவிடணும், விலையும் நம்ம இருபதத் தாண்டிரும், பழைய பி900 கெடைச்சா பாக்கலாம். பறவை மட்டும்தான் எடுப்பேன், வேற எதுக்கும் கேமராவத் தொட மாட்டேன்னா அதுதான் சரி, அக்காகிட்டப் பேசி பட்ஜெட்ட ஏத்துங்க. அத்தான் சங்கதி அப்படி இல்ல. அவரு பொங்கலுக்கு அவனியாபுரமோ பாலமேடோ அலங்காநல்லூரோ ஏதாச்சும் ஒண்ணுக்குப் போயே ஆவாரு, அங்க கேலரியில இடிச்சுப் புடிச்சு உக்காந்துக்கிட்டு ஒரு கிலோ கேமராவ வச்சுக்கிட்டு என்ன செய்றது. வாடிவாசலுக்கும் கேலரிக்கும் நடுவுல இருக்குற தூரத்துக்கு 200ல இருந்து 400 மி.மீ. போதும், அது சட்டைப் பையில இருக்குற சோனி எச்எக்ஸ்90வி லயோ, கேனான் எஸ்எக்ஸ்740லயோ தாராளமா இருக்கு. முதல்ல சொன்னது 2015ல வந்தது, 24ல இருந்து 720 வரைக்கும், 245 கிராம், வெயில்ல ஸ்கிரீன் தெரியலேன்னா ஓரத்துல கண்ண வச்சுப் பாக்குற ஒரு குட்டி வியூஃபைண்டர் மேல எந்திரிக்கும். மத்தியான வெயில்ல ஸ்கிரீன வச்சு மாட்ட ஃபாலோ பண்ணிப் பாத்தவங்களுக்குத்தான் அந்த ஓட்டையோட அருமை தெரியும். ரெண்டாவது 2018 மாடல், 960 வரைக்கும் போகும், 4கே வீடியோ உண்டு, வியூஃபைண்டர் கெடையாது.

குறையும் சொல்லணும்ல. இந்த ஜூம் கேமராவுக்கெல்லாம் வெளிச்சம் வேணும், முழு ஜூம்ல எஃப்6.4, 6.9ன்னு லென்ஸ் இருட்டாயிரும், சென்சாரும் அதே சின்ன சென்சார். காலையில ஏழு மணிக்கு மேல சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ராஜா, அதுக்கப்புறம் போன்கிட்ட தோத்துரும். இன்னொண்ணு, ஜல்லிக்கட்டுப் புழுதி. லென்ஸ் வெளிய போய் உள்ள வர்ற கேமரா எதுவா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தூசிய உள்ள இழுத்துக்கிட்டுத்தான் வரும். மாடு வர்றதுக்கு முன்னாடியே ஜூம வச்சுக்கிட்டு அப்படியே எடுங்க, சும்மா சும்மா உள்ள வெளிய இழுக்காதீங்க, எடுத்து முடிச்சதும் பைக்குள்ள ஒரு ஜிப் கவர்ல போடுங்க.

இப்ப எல்லாரும் சிபாரிசு பண்ற ஒரு இன்ச் சென்சார் கேமரா, பேருதான் ஒரு இன்ச், அளவு அது இல்ல. சோனி ஆர்எக்ஸ்100 முதல் மாடல் 2012ல வந்தது, என்கிட்ட இருக்குறது அதுதான், இன்னும் உழைக்குது. சென்சார் 13.2க்கு 8.8 மி.மீ., பரப்பளவுல பாத்தா மத்த பாக்கெட் கேமராவ விட நாலு மடங்கு. லென்ஸ் எஃப்1.8. ஜூம் போடாம எடுக்குறப்ப எச்எக்ஸ்90வியோட எஃப்3.5க்கு இது நாலு மடங்கு வெளிச்சம் உள்ள விடும். ரெண்டையும் சேத்தா ராத்திரிப் படத்துல பெரிய வித்தியாசம். சித்திரைத் திருவிழாவுல விடிகாலை ஆத்துக்குள்ள அழகர் எறங்குறதுக்கு முன்னாடி ஜனங்க சர்க்கரைச் செம்புல சூடம் ஏத்திக் கையில வச்சுக்கிட்டு நிப்பாங்கல்ல, அந்தச் சூட வெளிச்சம் அவங்க தாடையிலயும் கன்னத்துலயும் படுறத ஃப்ளாஷ் இல்லாம எடுக்கணும்னா இந்த கேமராதான், போன் அந்த இருட்ட எல்லாம் வெளுத்து பகலாக்கிரும்.

எனக்கு ரொம்பப் புடிச்சது அதோட ஃப்ளாஷ். மேல எந்திரிச்சு நிக்கும், அத ஆள்காட்டி விரலால மெல்லப் பின்னாடி சாய்ச்சுப் புடிச்சா வெளிச்சம் சீலிங்ல பட்டுக் கீழ எறங்கும். வீட்டுக்குள்ள வெள்ளை சீலிங் இருந்துச்சுன்னா தொட்டில்ல கெடக்குற புள்ளைய எடுத்தாலும் சுவத்துல கறுப்பு நெழல் விழாது. சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு வேற எதையும் யோசிக்காதீங்க, இதையே வாங்குங்கன்னு சொல்லுவேன்.

ஆனாலும் அதுக்கும் கொறை உண்டு. 1.8ங்கிறது 28 மி.மீ.ல மட்டும்தான், ஜூம் போடப் போட 4.9க்கு எறங்கிரும். அகலம் 28தான். கீழமாசி வீதியில தேர் வர்றப்ப ஓரத்துல நின்னு எடுத்தா உச்சி ஃப்ரேமுக்குள்ள வராது, பின்னாடி போகவும் எடம் இருக்காது, 24 மி.மீ. இருந்தா தப்பிச்சோம். 2014ல வந்த மூணாவது மாடல்ல 24ல இருந்து 70, எஃப்1.8ல இருந்து 2.8, வியூஃபைண்டரும் உண்டு, ஆனா விலையும் கூட. முதல் மாடல்ல ஸ்கிரீன் திரும்பாது, வைஃபை கெடையாது, பாடி வழுக்கும், வியர்வைக் கைக்கு ரொம்பவே வழுக்கும், கைக்கயிறு இல்லாம எடுக்காதீங்க. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2, மார்க் 3 ரெண்டும் இந்த வகைதான், 24ல இருந்து 100, கலர் ஸ்கின்னுக்கு நல்லாருக்கும், ஆனா செல்ஃபி வீடியோ எடுக்குற கூட்டம் பூராம் அதுமேல விழுந்ததுல விலை எங்கயோ போயிருச்சு. ரிக்கோ ஜிஆர், ஃபூஜி எக்ஸ்100 எல்லாம் அருமையான சாமான்தான், ஜூமே கெடையாது, விலை நம்ம ஊரு அளவுக்கு ஒரு செகண்ட் ஹாண்ட் ஸ்கூட்டி, அந்தப் பேச்ச விட்ருவோம்.

தண்ணி புகாத கேமரா பத்தி ஒரு வார்த்தை. ஒலிம்பஸ் டிஜி-6, 15 மீட்டர் ஆழம் தாங்கும், லென்ஸ் வெளிய வராம பாடிக்குள்ளேயே ஓடும், அதனால புழுதியும் உள்ள போகாது. ஒரு சென்டிமீட்டர் கிட்ட வச்சு எறும்பு காலக்கூட எடுக்கலாம். அழகர் எறங்குறப்ப கருப்பசாமி வேசம் கட்டுனவங்க தோல்பையில தண்ணி பீய்ச்சி அடிப்பாங்கல்ல, அந்தக் கூட்டத்துக்குள்ள நின்னு எடுக்கணும்னா இதுக்கு ஈடு கெடையாது. படத்தோட தரம் சின்ன சென்சார் தரம்தான், விலை அதிகம். வருசத்துல ஒரு நாளுக்குன்னா போன வாட்டர்ப்ரூஃப் கவர்ல போட்டுக்கிட்டு போயிரலாம்.

அப்புறம் ஆன்லைன்ல ரெண்டாயிரம் மூவாயிரத்துக்கு "48 மெகாபிக்ஸல், 4கே, 16 மடங்கு ஜூம்"னு பேர் தெரியாத புதுக் கேமரா வருதே, அது பக்கமே போகாதீங்க. அந்த ஜூம் டிஜிட்டல் ஜூம், லென்ஸ் அசையவே அசையாது, ஃபோட்டோவப் பாத்தா பத்து வருசம் முந்துன போனே தேவலைன்னு இருக்கும். அந்தக் காசுக்குப் பழைய ஐக்ஸஸ் ஆயிரம் மடங்கு மேல்.

நெறைய பேரு மறக்குறது இன்னொண்ணு, எத வாங்குனாலும் மீனாட்சி கோயிலுக்குள்ள கொண்டு போக முடியாது, போனும் கேமராவும் வெளியவே வச்சிட்டுத்தான் போகணும். ஆயிரங்கால் மண்டபத்த எடுக்கத்தான் கேமரா வாங்குறேன்னு எங்க தெரு அண்ணன் ஒருத்தர் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு, பாவம்.

இப்ப அக்கா வீட்டுக் கணக்கு. பேப்பர்ல பாத்தா ஆர்எக்ஸ்100தான் எல்லாத்துலயும் நடுவாந்திரமா மார்க் வாங்குது, எங்க பட்ஜெட்டுக்குள்ள செகண்ட் ஹாண்ட்ல கெடைக்கவும் கெடைக்குது, ஆனா அங்க இருக்குற ரெண்டு பேருக்குமே அது ஒத்து வராது. அத்தானுக்குப் பறவை புள்ளியாத் தெரியும், ரெண்டு வாரத்துல அலமாரியில ஏத்திருவாரு. மருமகளுக்கு அது ரொம்ப சுத்தமான படம், அவ தேடுறது அது இல்ல, காலேஜ் டூருக்குக் கொண்டு போறப்ப அக்கா வேற "பத்திரம் பத்திரம்"னு உசுர எடுத்துரும். ஒரே கேமராவ ரெண்டு பேருக்கும்னு வாங்குனா ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை ஆனா சண்டைதான் போடுவாய்ங்க. நான் சொன்னது இதுதான்: நாலாயிரம் அஞ்சாயிரத்துக்குள்ள பழைய ஐக்ஸஸ் ஒண்ணு மருமகளுக்கு, மிச்சத்த வச்சு 30 மடங்கு ஜூம் செகண்ட் ஹாண்ட் ஒண்ணு அத்தானுக்கு. எச்எக்ஸ்90விக்கும் என் ஆர்எக்ஸ்100க்கும் ஒரே பேட்டரி வேற, அவசரத்துக்கு என்கிட்ட வாங்கிக்கிறலாம். அக்காவுக்கு ரெண்டு கேமராங்கிறது கொஞ்சம் இடிச்சுச்சு, கூட்டிக் கழிச்சுக் காட்டுனதும் சரின்ருச்சு.

கடைக்குப் போறப்ப பாக்க வேண்டியது. கேமராவ ஆன் பண்ணி ஜூம கடைசி வரைக்கும் விட்டு உள்ள இழுங்க, ஏழெட்டுத் தடவ செய்ங்க, கரகரன்னு சத்தம் வந்தாலோ நடுவுல தயங்கினாலோ மண்ணு போயிருக்கு, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு "லென்ஸ் எரர்"னு நின்னுரும், அத சரி பண்ற செலவுல இன்னொரு கேமரா வாங்கிரலாம். அடுத்து வெளிய வந்து வானத்தப் பாத்தோ வெள்ளைச் சுவத்தப் பாத்தோ முழு ஜூம்ல ஒரு படம், அதப் பெருசாக்கிப் பாத்தா சாம்பல் கலர்ல வட்டப் புள்ளி தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா சென்சார்ல தூசி, பாடியப் பிரிக்காம எடுக்க முடியாது. போன் டார்ச்ச லென்ஸ்ல சாய்வா அடிச்சா நூல் நூலா தெரியுறது பூஞ்சை, மழைக்காலத்துல பீரோவுக்குள்ள கெடந்த கேமராவுல வரும். ஃப்ளாஷ விடாம நாலஞ்சு தடவ அடிச்சுப் பாருங்க. பேட்டரி மூடியோட கொக்கி உடைஞ்சிருக்கும், ரப்பர் பேண்ட் போட்டு விப்பாய்ங்க. பேட்டரி உப்பியிருந்தா விலையில கழிச்சுக்கிட்டு புதுசு வாங்குங்க, வேற கம்பெனி பேட்டரி எல்லாம் இப்பவும் கெடைக்குது. சார்ஜர் கூட இருக்கான்னும் கேட்டுக்கங்க, பழைய சைபர்ஷாட்டுக்கெல்லாம் தனி கேபிள், வெளிய கெடைக்கிறது செரமம், எச்எக்ஸ்90வி மாதிரி வந்ததுன்னா பழைய போன் மைக்ரோ யுஎஸ்பி சார்ஜரே போதும்.

பழைய பில்லு இருந்தா குடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா கடை பில்லுல சீரியல் நம்பர எழுதி வாங்குங்க, திருட்டுச் சாமானா இருந்தா நமக்கு எதுக்கு வம்பு. "மெமரி கார்டு ஃப்ரீ சார்"னு எவன் கார்டையோ நீட்டுவாய்ங்க, வேணாம்னுட்டு அதுக்குப் பதிலா ஒரு நூறு ரூவா கொறைக்கச் சொல்லுங்க. புது 16 ஜிபி கார்டும் போன்ல சொருகுற கார்டு ரீடரும் தனியா வாங்கிக்கிட்டு, கேமராவுலயே ஒரு தடவ ஃபார்மேட் அடிச்சிட்டுத்தான் மொதப் படம் எடுக்கணும்.